என் வீட்டை அந்த விலைக்கு வாங்கிக்கொள்வீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் சொத்து வரி பற்றி ஒருவர் எழுதியிருந்தார். "வரி விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான். பெரிய வீட்டுக்காரர் அதிகம் கட்டுகிறார், சின்ன வீட்டுக்காரர் குறைவாகக் கட்டுகிறார். இதில் அநியாயம் எங்கே வந்தது? பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லாத குற்றத்தைத் துருவுகிறார்கள்" என்பது அவர் கட்சி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. முப்பத்தோரு வருடம் வீடுகளை அளந்து வரிக்கு மதிப்புப் போட்டவள் நான். பணியில் இருந்த காலம் முழுக்க நானும் இதையேதான் சொன்னேன், வாசலில் சண்டைக்கு நின்றவர்களிடமும் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு, புள்ளியியல் படிக்கிற என் அண்ணன் பேத்தி ஓர் ஆய்வுக் கட்டுரையை அச்செடுத்து வந்து என் முன்னால் போட்டாள். அன்றிலிருந்து அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். கடிதம் நீளம்தான். வெட்டுவதானால் என்னைப் பற்றிய இடங்களை வெட்டுங்கள், கணக்கை விட்டுவிடுங்கள்.

விகிதம் ஒன்றுதான், அதில் தகராறு இல்லை. ஆனால் அது எதன்மேல் உட்காருகிறது? வீட்டின் மதிப்பின்மேல். அந்த மதிப்பு வானத்திலிருந்து விழவில்லை. என்னைப் போல ஒருத்தி ஒரு நாள் கையில் டேப்பும் படிவமுமாக வந்து எழுதிவிட்டுப் போனது அது.

எப்படி எழுதினோம் என்று சொல்கிறேன். சின்ன வீட்டுக்குப் போனால் கதவு திறந்திருக்கும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வீட்டுப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். சுவரோடு சுவராக வைத்து, "இழுத்துப் பிடி, தொய்வில்லாமல் பிடி" என்று சொல்லி, அரை அடி கூட விடாமல் அளப்பேன். பின்பக்கம் தகரம் போட்டு இறக்கியிருந்தால் அதுவும் கணக்கில் வரும். பெரிய வீட்டில் நாய் இருக்கும், காவலாளி இருப்பார், "ஐயா ஊரில் இல்லை" என்ற பதில் இருக்கும். இரண்டு முறை போய்விட்டு, மூன்றாம் முறை அலுவலகத்திலேயே உட்கார்ந்து, கட்டும்போது அனுமதிக்குக் கொடுத்த பழைய வரைபடத்தைப் பார்த்து நிரப்புவோம். வரைபடத்துக்குப் பிறகு எழுந்த மேல்தளம் அதில் எப்படி வரும்? லஞ்சம் என்று உடனே நினைக்காதீர்கள். இருந்த இடத்தில் இருந்திருக்கும், நான் சொல்வது அதுவல்ல. ஒரு பைசா கை மாறாமல், சட்டத்தில் ஒரு வரி மீறாமல், சின்ன வீட்டை டேப்பாலும் பெரிய வீட்டைக் காகிதத்தாலும் அளந்தோம்.

படிவத்தில் என்னென்ன உண்டு? பரப்பு, தளங்கள், கூரை வகை, தரை வகை, கட்டிய ஆண்டு. அவ்வளவுதான். சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்வதற்குக் கட்டமில்லை. வாசலை ஒட்டித் திறந்த சாக்கடை ஓடினால் அதற்கும் கட்டமில்லை. மறுபக்கம், ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிகிற வீட்டுக்கும் தனிக் கட்டம் கிடையாது. சந்தையில் வாங்குகிறவர் இதையெல்லாம் பார்த்துத்தான் விலை பேசுகிறார். எங்கள் படிவம் பார்க்கவில்லை. அதனால் மட்டமான வீடு சராசரியை நோக்கி மேலே ஏறிவிடும், உயர்ந்த வீடு சராசரியை நோக்கிக் கீழே இறங்கிவிடும். ஏற்றியவரும் இறக்கியவரும் என்று யாரையும் கை காட்ட முடியாது.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒற்றை அறையும் சமையலறையுமான வீடு. அறிவிப்பு கையில் கிடைத்ததும் அலுவலகத்துக்கு வந்தார். கத்தவில்லை. காகிதத்தை என் மேசைமேல் விரித்து, மதிப்புப் போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, "அம்மா, இந்த விலைக்கு என் வீட்டை நீங்களே வாங்கிக்கொள்கிறீர்களா? இன்றைக்கே எழுதித் தருகிறேன்" என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எதிர்ப்பு மனு போடுங்கள் என்றேன். மனுவுக்குக் கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது என்று பக்கத்து மேசையில் சொன்னார்கள். அதே வாரம் ஒரு பெரிய வளாகத்துக்காக வழக்கறிஞர் ஒருவர் கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு வந்தார், படங்கள், பக்கத்துச் சொத்துகளின் பட்டியல், பொறியாளர் அறிக்கை எல்லாம் சேர்த்து. கெடுவுக்குள் வந்தார். மதிப்புக் குறைந்தது. அதுவும் சட்டப்படிதான்.

அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியைத்தான் ஆய்வாளர்கள் கணக்காக்கியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. வீடு உண்மையில் விற்றபோது என்ன விலைக்குப் போனது, அதே சமயம் வரிப் பட்டியலில் அதற்கு என்ன மதிப்பு இருந்தது? இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். ஊரில் விற்ற எல்லா வீட்டுக்கும் அதை எடுத்து, விலை வரிசையில் அடுக்கிப் பார்க்க வேண்டியதுதான். எல்லா வீடும் முக்கால் மதிப்பில் இருந்தாலும் பரவாயில்லை, எல்லோரும் முக்காலில் இருக்கிறார்கள். சின்ன வீடு முழு மதிப்பை ஒட்டியும் பெரிய வீடு பாதியை ஒட்டியும் நின்றால்தான் வில்லங்கம்.

சின்னக் கணக்கு ஒன்று. ஒரு வீடு 10க்கு விற்றது, பட்டியலில் 9. இன்னொரு வீடு 90க்கு விற்றது, பட்டியலில் 54. முதல் வீட்டின் விகிதம் 0.90, இரண்டாவதன் விகிதம் 0.60. சும்மா கூட்டிச் சராசரி எடுத்தால் 0.75. இனி விலைக்கு உரிய எடை கொடுத்துப் பாருங்கள். மொத்த மதிப்பு 63, மொத்த விலை 100, ஆக 0.63. அந்த 0.75ஐ இந்த 0.63ஆல் வகுத்தால் 1.19. வரி மதிப்பீட்டாளர்களின் பன்னாட்டுச் சங்கம் இந்த எண் 0.98 முதல் 1.03க்குள் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. 1.03ஐத் தாண்டினால் சின்ன வீட்டுக்காரர் பெரிய வீட்டுக்காரருக்கும் சேர்த்துச் சுமக்கிறார் என்று பொருள். வரி நூற்றுக்கு ஒன்று என்று வையுங்கள். அந்த விகிதம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் வீட்டின் உண்மை விலைக்கு முதல் வீட்டுக்காரர் நூற்றுக்கு 0.90 கட்டுகிறார், இரண்டாமவர் 0.60. போன வாரம் எழுதியவர் கேட்ட அநியாயம் இருக்கிற இடம் இதுதான். விகிதத்தைத் தாங்கும் பலகை சாய்ந்திருக்கிறது.

என் அண்ணன் பேத்தி கொண்டுவந்த கட்டுரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் பெர்ரி 2021இல் வெளியிட்டது. அமெரிக்கா முழுக்கப் பல லட்சம் வீட்டு விற்பனைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊரிலும் மேலே சொன்ன கணக்கைப் போட்டிருக்கிறார். ஒரே ஊருக்குள் விலையில் கடைசிப் பத்து சதவீதத்தில் இருக்கும் வீடு, முதல் பத்து சதவீதத்தில் இருக்கும் வீட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரி விகிதம் கட்டுகிறது என்று வந்திருக்கிறது. தொகையில் அல்ல, வீட்டின் உண்மை விலைக்கு நூற்றுக்கு எவ்வளவு என்ற விகிதத்தில். அதைப் படித்துவிட்டு நான் அன்று மாலை யாரோடும் பேசவில்லை.

சிகாகோ நகரம் இருக்கிற குக் கவுண்டி என்ற மாவட்டத்தில் நடந்தது இன்னும் நேரடியானது. 2017இல் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையும் ப்ரோபப்ளிகா இல்லினாய் என்ற செய்தி நிறுவனமும் அங்குள்ள வரிப் பட்டியலை விற்பனை விலைகளோடு ஒப்பிட்டுத் தொடராக எழுதின. ஏழைப் பகுதி வீடுகள் உயர்த்திப் போடப்பட்டிருக்கின்றன, பணக்காரப் பகுதி வீடுகள் தாழ்த்திப் போடப்பட்டிருக்கின்றன, மேல்முறையீடு அந்த இடைவெளியை அடைப்பதற்குப் பதில் அகலமாக்குகிறது என்று காட்டின. அங்கே வரி மதிப்பீட்டாளர் பதவிக்குத் தேர்தல் உண்டு. பதவியில் இருந்த ஜோசப் பெரியோஸ் 2018 மார்ச்சில் தன் கட்சியின் உட்தேர்தலிலேயே தோற்றார். பின்னால் வந்த ஃப்ரிட்ஸ் கேகி, மதிப்புக் கணக்கிடும் கணினி நிரலையே யாரும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வைத்தார். எங்கள் காலத்தில் பெருக்கல் வாய்பாடு அட்டையைக் கூட மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவோம். பத்திரிகை நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன், ஆசிரியரே.

டெட்ராய்ட் கதை இதைவிடக் கசப்பு. மதிப்பீடு சந்தை விலையில் பாதியைத் தாண்டக் கூடாது என்று அந்த நகரம் இருக்கிற மிச்சிகன் மாநிலத்தின் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வீட்டு விலை அங்கே பாதாளத்துக்குப் போனது, பட்டியலில் இருந்த மதிப்பு அதன் பின்னால் இறங்கவில்லை. பெர்னடெட் அட்டுவாஹேனே என்ற சட்டப் பேராசிரியர், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து பார்த்ததில், 2009க்கும் 2015க்கும் இடையே அந்த நகரத்தின் வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அந்த வரம்பைத் தாண்டி மதிப்பிடப்பட்டிருந்தன. குறைந்த விலை வீடுகளில்தான் மிகை மோசம். வரி பாக்கிக்காக வீடு பறிபோனவர்கள் ஆயிரக்கணக்கில். போடக் கூடாத வரியைப் போட்டு, அது கட்டப்படவில்லை என்று வீட்டையே எடுத்துக்கொண்டார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். அங்கே என்னைப் போன்ற யாரோ ஒருத்தி, படிவத்தைச் சரியாகத்தான் நிரப்பியிருப்பாள்.

கார்லோஸ் அவெனான்சியோ-லெயோன், ட்ரூப் ஹவர்ட் இருவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு வேறு பக்கத்திலிருந்து வந்து அதே இடத்தைத் தொடுகிறது. ஒரே வரி எல்லைக்குள், ஒரே பொதுச் சேவைகளுக்கு, அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான ஹிஸ்பானியரும் 10 முதல் 13 சதவீதம் கூடுதல் வரிச் சுமை தாங்குகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. மதிப்பீட்டாளர் மனத்தில் துவேஷம் இருக்க வேண்டிய அவசியம் கூட இல்லை. தெருவுக்குத் தெரு மாறுகிற விலையை மதிப்பீடு பிடிக்கத் தவறுவதே பாதிக்குமேல் காரணம் என்கிறார்கள். மீதியில் மேல்முறையீட்டுக்கும் பங்கு உண்டு. யார் மனு போடுகிறார்கள், யார் ஜெயிக்கிறார்கள், எவ்வளவு குறைகிறது, மூன்றிலும் வித்தியாசம். ஏரி தெரியும் ஜன்னலும் ஒன்பது நாள் தாமதமும் என்று நான் சொன்னதைத்தான் அவர்கள் லட்சக்கணக்கான வீட்டில் பார்த்திருக்கிறார்கள்.

மேல்முறையீட்டில் பலருக்குப் புரியாத நுணுக்கம் ஒன்று உண்டு. நகரம் இந்த ஆண்டு இவ்வளவு வசூலித்தாக வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்கிற இடங்களில், ஒருவருக்குக் குறைத்தால் அந்தத் தொகை காணாமல் போவதில்லை, மனு போடாதவர் தலையில் ஏறுகிறது. அவருக்கு அது தெரியவே தெரியாது. அவர் வீட்டில் எதுவும் மாறவில்லை, ஆனால் ரசீதில் எண் ஏறியிருக்கும். அன்றைக்கு வழக்கறிஞர் கொண்டுபோன குறைப்பு அந்தப் பெரியவரின் ரசீதில் எத்தனை காசாக வந்து உட்கார்ந்ததோ, நான் கணக்குப் பார்த்ததில்லை.

ஆய்வாளர்கள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. டேனியல் மெக்மில்லன், ருசி சிங் என்ற இருவர், இந்த விகிதக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அவசரத்துக்குக் குறைந்த விலையில் விற்றவரின் வீடு தானாகவே 'அதிகம் மதிப்பிடப்பட்டது' போலத் தெரியும், ஆசைப்பட்டு அதிகம் கொடுத்து வாங்கியவரின் வீடு 'குறைவாக மதிப்பிடப்பட்டது' போலத் தெரியும். வகுக்கும் எண்ணே விலையாக இருப்பதால் வருகிற கோணல் இது. நியாயமான ஆட்சேபம்தான். வீடு விற்கப்போன யாருக்கும் தெரியும், விலை என்பது அந்த ஒரு மாதத்து விஷயம். ஆனால் டெட்ராய்டில் சட்டம் போட்ட வரம்பையே தாண்டியதை இந்தக் கோணலைக் காட்டி மூடிவிட முடியாது.

மதிப்பே போடாமல் பழையதை அப்படியே விட்டுவிட்டால் வம்பில்லையே என்று நினைக்கிற நிர்வாகங்கள் உண்டு. மறுமதிப்பீடு என்றால் வாக்கு போய்விடும் என்று எல்லாத் தேசத்திலும் பயம். இங்கிலாந்தில் கவுன்சில் வரி என்ற உள்ளாட்சி வீட்டு வரிக்கு இன்றும் 1991 ஏப்ரல் மாத விலைதான் அடிப்படை. அந்த மாதம் பிறந்த குழந்தைக்கு இன்று குழந்தை இருக்கும். போன வருடம் கட்டிய வீட்டுக்கும், "1991இல் இது இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும்" என்று யோசித்துத்தான் அது எந்த விலைப் படியில் வரும் என்று நிர்ணயிக்கிறார்கள். எனக்கு அந்த வேலை கிடைத்திருந்தால் சிரித்தே செத்திருப்பேன். படி என்று எட்டு வைத்திருக்கிறார்கள். கடைசிப் படி 40,000 பவுண்டு வரை, முதல் படி 320,000 பவுண்டுக்கு மேல். விலையில் எட்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம், வரியில் மூன்றே மடங்கு. ஜெர்மனியில் மேற்குப் பகுதிக்கு 1964 மதிப்பும் கிழக்குப் பகுதிக்கு 1935 மதிப்பும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2018 ஏப்ரலில் அவர்களுடைய அரசியல் சட்ட நீதிமன்றம் மேற்குப் பகுதியின் அந்தப் பழைய மதிப்பு முறை சமத்துவத்துக்கு விரோதம் என்று தள்ளிவிட்டது. புது முறை 2025இலிருந்து நடக்கிறது. கலிபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13ஆம் முன்மொழிவு, வீடு கைமாறும் வரை மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றது. விளைவு, அச்சாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர், நேற்று வாங்கியவர் ஒரு தொகையும் நாற்பது வருடம் முன்பு வாங்கியவர் அதில் சிறு பங்கும் கட்டுகிறார்கள். வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். அதற்கு வருமானம் பார்த்துச் சலுகை கொடுக்கலாம், வீட்டை விற்கும்போது வாங்கிக்கொள்கிறோம் என்று தள்ளிவைக்கலாம். அளவுகோலையே வளைத்துவைப்பது எனக்கு உடன்பாடில்லை.

வரியே வேண்டாம் என்பவர்கள் இந்தக் கடிதத்தைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தெருவிளக்கும் குப்பை வண்டியும் இந்தக் காசில்தான் ஓடுகின்றன. வீட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் ஊரை விட்டு ஓட முடியாது என்பதால், உள்ளூர் நிர்வாகத்துக்கு இதைவிட உறுதியான வரி இல்லை. அதனால்தான் சரியாக அளக்கச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றபோது என் கைக்குறிப்பு நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். நான் அளந்த வீடுகளில் பின்னால் என்ன விலைக்குப் போனது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தவை ஏழு. அண்ணன் பேத்தி ஒரு தாளில் கோடு போட்டு ஏழையும் எழுதினாள். ஏழு வீட்டை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்று அவளே முதலில் சொல்லிவிட்டாள். சரிதான். இருந்தாலும் வரிசையைப் பார்த்தோம். கீழே இருந்த இரண்டு சின்ன வீடு, நான் போட்ட மதிப்புக்கே விற்கவில்லை, அதற்கும் குறைவாகத்தான் போயிருந்தது. மேலே இருந்த பெரிய வீட்டுக்கு நான் போட்டது விலையில் பாதியைக் கூடத் தொடவில்லை. அந்த வீட்டுக்கு நேராக என் கையெழுத்திலேயே, "வரைபடப்படி" என்று ஒரு குறிப்பு. பெரியவரின் வீடு அந்த ஏழில் இல்லை. அவர் விற்றாரா, இல்லையா, தெரியாது.

பேத்தி கேட்டாள், "இதை ஊருக்கே போட்டுப் பார்க்கலாமே, பட்டியல் எங்கே கிடைக்கும்?" அங்கேதான் நின்றுபோனோம். வரி மதிப்பு ஓர் அலுவலகத்தில், விற்பனை விலை வேறோர் அலுவலகத்தில். இரண்டிலும் வீட்டுக்குக் கொடுத்திருக்கும் எண் வேறு வேறு. முதல் இடத்தில் பழைய கதவு எண், இரண்டாவதில் நில அளவை எண். பத்திரத்தில் எழுதுகிற விலை உண்மை விலைதானா என்பது தனிக் கதை, அதை நான் கிளறப்போவதில்லை. மேலே நான் சொன்ன ஆய்வுகள் எல்லாம் நடந்தது, அந்த இரண்டு எண்ணும் ஒரே தாளில் கிடைத்த இடங்களில். கிடைக்காத இடங்களில் சாய்வு இல்லை என்று அர்த்தமில்லை. அளந்து பார்க்க அங்கே யாருக்கும் வழி விடவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே என் வேண்டுகோள் உங்களிடம்தான். அடுத்த மறுமதிப்பீட்டுப் பட்டியல் வரும்போது, 'வரி எத்தனை சதவீதம் உயர்ந்தது' என்று மட்டும் தலைப்புப் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கடந்த மூன்று ஆண்டில் விற்ற வீடுகளுக்கு மட்டுமாவது அட்டவணையாக மூன்று பத்தி நிர்வாகத்திடம் கேளுங்கள்: வரி எண், பட்டியல் மதிப்பு, விற்ற விலை. உரிமையாளர் பெயர் வேண்டாம், அது அவரவர் சொந்த விஷயம். முடிந்தால் நான்காவதாக ஒரு பத்தி, அந்த வீட்டை அளந்தது டேப்பாலா வரைபடத்தாலா என்று. மூன்று பத்தி வந்துவிட்டால் கணக்குப் போட நாங்கள் இரண்டு பேர் தயார், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரி மதிப்பீட்டாளர் ஒருத்தி